உரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறதா? பருவுக்கு ரெட்டினாய்டு தடவிய எங்கள் அனுபவம்

தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த ட்யூபை ஆசையாக வாங்கி வந்து, ஒரு மாதம் முடிவதற்குள் தூக்கிப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். முகம் எரிந்தது, உரிந்தது, பரு குறைவதற்குப் பதில் கூடியது. "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களில் சிலர் பிறகு அதே மருந்தை வேறு விதமாகப் போட்டு நன்றாகவே குணமானார்கள். நான், என் தம்பி, பெரியம்மா மகள் அக்கா, அலுவலகத் தோழி ஒருத்தி என்று நாலு பேருக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்குத் தெரிய வந்ததை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் சீட்டில் எழுதுவதற்கும் நாம் கண்ணாடி முன்னால் நின்று தடவுவதற்கும் இடையில் நிறைய விஷயம் விட்டுப்போகிறது, அதைப் பற்றித்தான் பேச்சு.

ரெட்டினாய்டு என்பது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்துகள். பருவுக்குத் தடவ நம் ஊரில் அதிகம் எழுதித் தருவது இரண்டு: ட்ரெட்டினாயின், அடாபலீன். மருந்துக் கடையில் ரெட்டினோ-ஏ, ஏ-ரெட் என்று வருவது ட்ரெட்டினாயின். அடாஃபெரின், டெரிவா என்பவை அடாபலீன். ட்ரெட்டினாயின் 0.025, 0.05, 0.1 சதவீதம் என்று வெவ்வேறு வீரியத்தில் கிடைக்கும். அடாபலீன் பெரும்பாலும் 0.1 சதவீத ஜெல்லாக வரும். டசாரோட்டீன் என்று இன்னொன்று உண்டு, அது இன்னும் காட்டம். அழகுசாதனக் கடையில் சீரம் என்று விற்கும் ரெட்டினாலும் இதே குடும்பம்தான் என்றாலும், அது தோலுக்குள் போய்ப் படிப்படியாக மாறித்தான் மருந்தாகிறது, அதனால் வீரியம் ரொம்பக் குறைவு. "நான் முன்னாடியே ரெட்டினால் போட்டிருக்கேன், தாங்கும்" என்று ட்ரெட்டினாயினைத் தினமும் போட ஆரம்பித்தால் தாங்காது.

பரு வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே தோலுக்கு அடியில் தொடங்கிவிடுகிறது. மயிர்க்காலின் உள்பக்கம் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு, எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் அடைப்பாகின்றன. கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த பரு, சீழ்ப்பரு எல்லாவற்றுக்கும் மூலம் அந்த அடைப்புதான். ரெட்டினாய்டு அந்த ஒட்டுதலைத் தளர்த்தி, புது அடைப்பு உருவாகாமல் தடுக்கிறது. வீக்கத்தையும் ஓரளவு தணிக்கும். ஆனால் இன்றைக்குக் கன்னத்தில் பழுத்து நிற்கும் பருவை நாளைக்கே அமுக்குவது அதன் வேலை இல்லை. அதனால் பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போலத் தடவுவதில் பயன் கிடையாது. பரு வருகிற இடம் முழுவதும் மெல்லிசாகத் தடவ வேண்டும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று டாக்டர்கள் சொல்வதும் இதனால்தான்.

எனக்குப் பரு வந்தது காலேஜ் வயதில் இல்லை, வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு. இரண்டு பக்கத் தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பாதியிலும். திருச்சி வெயிலில் ஸ்கூட்டி, ஹெல்மெட் வார் உரசும் இடம், வியர்வை. கல்யாண வீடுகளில் யாராவது ஒரு சித்தி முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்னடி இது, சூடு புடிச்சுருச்சா? எண்ணெய் தேச்சுக் குளி" என்பார். "கல்யாணமானா எல்லாம் போயிடும்" என்பது இன்னொரு வைத்தியம். பரு இருக்கிறவர்கள் ஏற்கெனவே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கண்ணாடி பார்த்து நொந்துகொண்டுதான் இருக்கிறோம். முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பதை மட்டுமாவது சொந்தக்காரர்கள் நிறுத்தினால் புண்ணியமாகப் போகும்.

டாக்டர் எனக்கு எழுதியது ட்ரெட்டினாயின் 0.025 சதவீத க்ரீம். "ஜெல் வேண்டாம், உங்களுக்கு வறண்ட தோல். முதல் ரெண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் மாசம் பரு கொஞ்சம் கூடினா பயந்து நிறுத்திடாதீங்கம்மா. மூணு மாசம் கழிச்சுப் பேசலாம்" என்றார். காலையில் சன்ஸ்க்ரீன் போடாமல் வெளியே போகக் கூடாது என்பதைச் சீட்டில் அடிக்கோடு போட்டே எழுதியிருந்தார்.

போடும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். இரவு நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷில் முகம் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். உடனே மருந்து கிடையாது. ஈரத் தோலில் எரிச்சல் கூடுதல் என்பதால் இருபது நிமிஷம் காய விட வேண்டும். அந்த நேரத்தில் மறுநாள் டிபன் பாக்ஸுக்குக் காய் நறுக்கி வைத்துவிடுவேன். அப்புறம் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு. மொத்த முகத்துக்கும் அவ்வளவுதான். நெற்றியில், இரண்டு கன்னத்தில், தாடையில், மூக்கில் எனத் தொட்டு வைத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாகப் பரப்ப வேண்டும். முதல் தடவை, "இது எங்க பத்தும்?" என்றுதான் தோன்றும். பத்தும். அதிகம் போட்டால் பரு சீக்கிரம் போகாது, எரிச்சல்தான் சீக்கிரம் வரும். இந்தக் கணக்கில் ஒரு 20 கிராம் ட்யூப் மாதக்கணக்கில் வருகிறது. பத்து நாளில் ட்யூப் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்கள் முகம் என்ன பாடு படுகிறது என்று எனக்குக் கேட்காமலே தெரியும்.

கண்ணைச் சுற்றி, மூக்கு மடிப்பு, உதட்டு ஓரம் மூன்றும் தொடக் கூடாத இடங்கள். தொடாவிட்டாலும் தூக்கத்தில் மருந்து நகர்ந்து அங்கே போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு உதட்டு ஓரம் வெடித்து, ரசம் சாதம் சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு எரிந்தது. அடுத்த தடவை போனபோது டாக்டர் சொன்ன வழி சுலபமானது: மருந்துக்கு முன்னால் உதட்டோரத்திலும் மூக்கு மடிப்பிலும் கொஞ்சம் வாசலின் தடவிவிடுவது. அதற்குப் பிறகு அந்தத் தொந்தரவு வரவில்லை.

முதல் மாதம் அவர் சொன்னபடியே நடந்தது. தாடையில் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது போல வரிசையாகப் பரு. பவுடர் போட்டால் உரிந்த தோல் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அம்மா தினமும், "உரியுற அளவுக்கு எதுக்குடி போடுற? வேப்பிலை அரைச்சுப் போட்டா போகாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அலுவலகத்தில் ஒருவர், "உரியுதுன்னா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், விடாம போடு" என்று தைரியம் கொடுத்தார். இரண்டு பேரும் நல்ல எண்ணத்தில் சொன்னார்கள். இரண்டாவது பேச்சுதான் அதிக ஆபத்தானது.

உரிவது மருந்தின் பக்க விளைவு. அது பலனை அளக்கும் அளவுகோல் இல்லை. 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லையும் 0.025 சதவீத ட்ரெட்டினாயின் ஜெல்லையும் ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பரு குறைவதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஆனால் அடாபலீனில் எரிச்சல் குறைவு என்று தெரிந்தது. எரிச்சலும் பலனும் சேர்ந்தே போக வேண்டிய அவசியமில்லை என்பதற்கு இது போதும். நம் மாநிறத் தோலுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெள்ளைத் தோலில் எரிச்சல் வந்தால் சிவந்து, சில வாரத்தில் மறையும். நம் தோலில் எந்த வீக்கம் வந்தாலும், அது பருவோ கீறலோ மருந்தின் எரிச்சலோ, ஆறிய இடத்தில் கறுப்பு மை ஊறிவிடும். அது மங்க மாதங்கள் ஆகும். பருவைப் போக்கப் போட்ட மருந்தே கன்னம் முழுக்கக் கருமையை வைத்துவிட்டால் யாருக்கு லாபம்? அதனால் நம் தோலுக்கு நிதானமும் வைத்தியத்தில் சேர்த்திதான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போட வேண்டிய மருந்து இல்லை இது.

எரிச்சலைக் குறைக்கப் பல வழி இருக்கிறது. நாளைக் குறைப்பது முதல் வழி: வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும் போட்டு, தோல் பழகப் பழகக் கூட்டுவது. முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் மருந்து, மேலே மறுபடி மாய்ஸ்சரைசர் என்று நடுவில் வைத்துப் போடுவது இன்னொன்று. எனக்கு இதுதான் கைகொடுத்தது. மருந்தை அரை மணி, ஒரு மணி நேரம் வைத்துக் கழுவிவிடுவதும் உண்டு. இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லை, டாக்டர்களே சொல்லித் தருவதுதான். மாய்ஸ்சரைசர் போட்டால் பரு கூடும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். வாசனை இல்லாத, துளையை அடைக்காத சாதாரண வகையாக இருந்தால் போதும். என் அனுபவத்தில் இந்தச் சிகிச்சையில் பாதிப் பேர் தோற்பது மாய்ஸ்சரைசரை மிச்சம் பிடித்துத்தான்.

இரண்டாம் மாதம் தாண்டியதும் புதுப் பரு வரும் வேகம் குறைந்தது. மூன்றாம் மாதம் கன்னத்தைத் தடவினால் அடியில் மணல் மாதிரி நெருடிய சின்னக் கட்டிகள் இல்லை. கறுப்புத் தழும்பு அப்படியேதான் இருந்தது. மாற்றம் கண்ணாடியில் தெரிவதைவிட விரலுக்கு முதலில் தெரிந்தது. இதற்கு மாதம் ஒரு படம் எடுத்து வைப்பது நல்ல வழி. அதே ஜன்னல், அதே வெளிச்சம், பவுடர் இல்லாமல். தினமும் பார்க்கும் முகத்தில் மாற்றம் பிடிபடாது, படத்தில் பிடிபடும். டாக்டரிடம் காட்டவும் அது உதவும்.

ஆரம்பத்தில் கூடுகிற பருவுக்கும் நிஜமாகவே மருந்து ஒத்துக்கொள்ளாததற்கும் வித்தியாசம் உண்டு. வழக்கமாக வரும் இடத்திலேயே, வழக்கமான மாதிரியான பரு சில வாரம் கூடினால் பொறுத்துப் பார்க்கலாம். எப்போதும் வராத இடத்தில் வந்தால், அரித்தால், கண் இமை வீங்கினால், தண்ணீர் பட்டாலே தீயாக எரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் மோசமாகிக்கொண்டே போனாலும் அப்படித்தான்.

தம்பி கதை வேறு. அவனுக்குப் பதினெட்டு வயது, எண்ணெய் வழியும் முகம், முதுகிலும் பரு. அவனுக்கு டாக்டர் எழுதியது இரவுக்கு அடாபலீன், காலையில் பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு. அதுவரை க்ளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருந்தான், அதை முதலில் நிறுத்தச் சொன்னார். ஆன்டிபயாட்டிக்கைத் தனியாகத் தடவிக்கொண்டே இருந்தால் கிருமி பழகி, மருந்துக்கு அடங்காமல் போய்விடும். பென்சாயில் பெராக்சைடுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் துணியை வெளுத்துவிடும். அவனுடைய கறுப்பு டீஷர்ட்டின் கழுத்துப் பட்டியெல்லாம் செம்மண் நிறமானது. அம்மா நல்ல தலையணை உறைகளை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, அவனுக்கென்று இரண்டு பழைய வெள்ளை உறை கொடுத்தார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சாதாரண ட்ரெட்டினாயின் வெளிச்சத்திலும் பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தாலும் சிதைந்துவிடும். அதனால்தான் அதை இரவில் போடச் சொல்கிறார்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் தடவக் கூடாது என்கிறார்கள். அடாபலீன் அவ்வளவு லேசில் சிதையாது. அதோடு பென்சாயில் பெராக்சைடு சேர்த்து ஒரே ட்யூபாகவே வருகிறது.

அவனுக்கு வந்த பெரிய தொந்தரவு ஷேவிங். உரிந்துகொண்டிருக்கும் கன்னத்தில் பிளேடு பட்டால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு சலூன்காரர் ஷேவ் முடிந்ததும் பழக்கதோஷத்தில் படிகாரக் கல்லை எடுத்துக் கன்னம் முழுக்கத் தேய்த்துவிட்டார். அன்றைக்கு அவன் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அதிலிருந்து சலூனில் உட்காரும்போதே, "அண்ணே, படிகாரம் வேண்டாம், லோஷனும் வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறான். ஷேவிங்கைக் காலையில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தின இரவு மருந்தை விட்டுவிடுவது அவனுக்குச் சரியாக வந்தது.

பெண்களுக்கு இதே விஷயம் பார்லரில். ரெட்டினாய்டு போடும்போது தோலின் மேல் அடுக்கு மெலிந்து லேசில் பெயரும் நிலையில் இருக்கும். மேலுதட்டுக்கு வாக்ஸ் போட்டால் முடியோடு தோலும் வந்துவிடும். என் தோழி ஒருத்திக்கு நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் அப்படி ஆகி, மேலுதட்டில் பழுப்புக் கோடாக ரொம்ப நாள் தங்கியது. வாக்ஸிங், ப்ளீச், ஃபேஷியல் எது செய்வதானாலும் ஒரு வாரம் முன்பே மருந்தை நிறுத்திக்கொண்டு, பார்லரில் உள்ளவரிடமும் சொல்லிவிட வேண்டும். புருவத்துக்கு நூல் வைப்பதாக இருந்தாலும் சில நாள் இடைவெளி நல்லது. கல்யாண வீட்டு நலங்கில் ஆளாளுக்கு மஞ்சள், சந்தனம் என்று அழுத்தித் தேய்ப்பார்கள். அதற்கும் இதே முன்யோசனை வேண்டும்.

வீட்டு வைத்தியத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ரெட்டினாய்டு போடும் முகத்தில் கடலை மாவு, பச்சைப்பயறு மாவு தேய்ப்பதும், எலுமிச்சைச் சாறு தடவுவதும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துப் போவதும் உண்டு. மாவுத் துகள் ஏற்கெனவே மெலிந்த தோலைக் கீறும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுப்பவர்களுக்கு நெற்றி ஓரத்தில் ஒரே அளவில் சின்னச் சின்னப் பொரிகள் வரும், தம்பிக்கும் வந்தது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எண்ணெய் வைத்து அலசிவிடுவது என்று மாற்றியதிலேயே பாதி போய்விட்டது. அந்தப் பொரிகள் அரித்தால் அது பருவாகவே இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

சன்ஸ்க்ரீன் விஷயத்தில் நம் ஆட்கள் கஞ்சத்தனம் செய்கிறோம். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் பிழிந்து போட வேண்டும். ஒரு துளி தடவினால் போதாது. ட்ரெட்டினாயின் போடும் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் துவண்டுபோகும், கறுப்புத் தழும்பும் வெயிலில் இன்னும் கறுக்கும். மாநிறத் தோலில் கருமையைக் கூட்டுவதில் புற ஊதாக் கதிரோடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் டின்டட் சன்ஸ்க்ரீன்கள். முகம் சாம்பல் பூத்தது போல் தெரியும் தொந்தரவும் அதில் குறைவு.

இனி அலுவலகத் தோழி. இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே அவள்தான். "நானும் ட்ரெட்டினாயின்தான் போடுறேன், எனக்கு உரியவே இல்லையே, முகம் பளபளன்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போனதில்லை. மருந்துக் கடையில், "இதப் போடுங்கக்கா, பருவும் போகும், கலரும் வரும்" என்று எடுத்துக் கொடுத்தது. ஒருநாள் அந்த ட்யூபை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் மூன்று பெயர் இருந்தது: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஸ்டீராய்டு. அவளுக்கு உரியாததற்குக் காரணம் அதுதான். எரிச்சல், சிவப்பு எல்லாவற்றையும் ஸ்டீராய்டு அடக்கி வைத்துவிடும். இந்த மாதிரி மூன்று மருந்துக் கலவை மங்கு என்கிற முகக் கருந்திட்டுக்காக, டாக்டரின் கண்பார்வையில், கொஞ்ச காலத்துக்கு மட்டும் போட வேண்டியது. அவள் அதை ஃபேஸ்க்ரீம் மாதிரி மாதக்கணக்கில் தடவியிருந்தாள்.

பிறகு நடந்தது கொடுமை. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்தது. பூனைமுடி வளர்ந்தது. ஒரே அளவில் கொத்துக்கொத்தாகப் பரு. இரண்டு நாள் க்ரீமை நிறுத்தினால் முகம் கொதித்தது, அதனால் மறுபடி அதையே தடவினாள். தோல் டாக்டர் பார்த்ததும் ஸ்டீராய்டு பாதிப்பு என்று சொல்லிவிட்டார். முதலில் எந்த ரெட்டினாய்டும் கொடுக்கவில்லை. அந்தக் கலவையை விடவைத்து, மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் மட்டும் வைத்துத் தோல் அமைதியாகக் காத்திருந்தார். அது பல மாத வேலை. அதற்கப்புறம்தான் அடாபலீன், அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள். இப்போது நன்றாக இருக்கிறாள். இப்படி முகம் கெட்டுப்போவது இந்தியாவில் அவ்வளவு பரவலாக இருந்ததால்தான் தோல் மருத்துவர் சங்கத்தினர் குரல் கொடுத்து, 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் தடவும் ஸ்டீராய்டுகளுக்கு இருந்த சலுகையை எடுத்துவிட்டு, அவற்றை ஷெட்யூல் எச் பட்டியலில் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும். அதனால் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் பருவுக்கு அது வேண்டாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் தானாகத் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிற மாதிரி விடுங்கள்.

அக்கா ட்ரெட்டினாயின் போட்டுக்கொண்டிருந்தபோதே கர்ப்பம் என்று தெரிந்தது. இரவெல்லாம் தூங்காமல் அழுதிருக்கிறார். வைட்டமின் ஏ வகை மாத்திரையான ஐசோட்ரெட்டினாயின் கருவுக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும் என்று எங்கோ படித்ததுதான் காரணம். அது உண்மை. கர்ப்பத்தில் அந்த மாத்திரை கூடவே கூடாது. மகப்பேறு டாக்டர் அக்காவை உட்கார வைத்துப் பேசினார்: தடவும் மருந்து தோல் வழியாக ரத்தத்தில் போவது ரொம்பச் சொற்பம், இதற்காகப் பயப்பட வேண்டாம், இன்றோடு நிறுத்திவிடுங்கள். கர்ப்பத்தில் எந்த ரெட்டினாய்டும் வேண்டாம் என்பது முன்னெச்சரிக்கை. டசாரோட்டீன் திட்டவட்டமாகக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட்டால் இந்த அழுகை மிச்சம். அக்காவுக்கு அந்த மாதங்களில் அசிலாயிக் ஆசிட் கொடுத்தார்கள். கர்ப்பத்தில் வழக்கமாகக் கொடுப்பதுதான், தழும்பு மங்கவும் அது உதவியது. அக்காவுக்கு அதற்கு முன்பு சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) இருந்தது. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருவது, தாடையில் முடி, தாடையைச் சுற்றியே ஆழமான பரு என்று சேர்ந்து இருந்தால் க்ரீம் மட்டும் போதாது, அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும்.

இந்த மருந்தின் வரலாற்றில் நான் மறக்க விரும்பாத ஒரு பக்கம் இருக்கிறது. ட்ரெட்டினாயின் பருவுக்கு வேலை செய்கிறது என்று 1969இல் எழுதியவர்களில் முக்கியமானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் க்ளிக்மன். அமெரிக்காவில் 1971இல் அனுமதி கிடைத்தது. அதே க்ளிக்மன், பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1950களிலிருந்து 1974 வரை கைதிகளின் உடம்பில் தோல் சோதனைகள் நடத்தியவர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். என்ன தடவுகிறார்கள் என்று முழுதாகச் சொல்லப்படாமலே பலர் முதுகைக் காட்டியிருக்கிறார்கள். 2021இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவும், 2022இல் பிலடெல்பியா நகர நிர்வாகமும் மன்னிப்புக் கேட்டன. அவ்வளவு பேர் வலியின் மேல் வந்த மருந்தை நாம் என்னவென்று தெரியாமலே வாங்கித் தடவுவதும், கடைக்காரர் சொல்லாமலே ஸ்டீராய்டை விற்பதும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. தன் தோலில் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டையான கறுப்புத் தழும்பு ரெட்டினாய்டிலும் காலத்திலும் மங்கும். குழி விழுந்த தழும்பு க்ரீமில் நிரம்பாது, அதற்கு டாக்டர் செய்யும் வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. குழி விழும் அளவுக்கு ஆழமான, வலிக்கிற கட்டிகள் வருகிறவர்கள் ட்யூபை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் டாக்டரிடம் போய் மாத்திரை தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது, ஒவ்வொரு மாதத் தாமதமும் முகத்தில் தங்கிவிடும்.

முகம் தெளிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் தம்பிக்கும் எனக்கும் வழி பிரிந்தது. புது அடைப்பு வராமல் தடுக்கிற மருந்து என்பதால், தெளிந்த பிறகும் குறைந்த அளவில் தொடரச் சொல்வது வழக்கம். டாக்டர் சொன்னபடி நான் வாரத்துக்கு மூன்று இரவு போடுகிறேன். மாதவிலக்கு சமயத்தில் தாடையில் ஒன்றிரண்டு வரும், தானாகப் போகும். தம்பி பரீட்சை சமயத்தில் எல்லாவற்றையும் விட்டான், சில மாதத்தில் முதுகில் தொடங்கித் திரும்பி வந்தது. விட்ட இடத்திலிருந்து தினமும் போட நினைத்தவனை டாக்டர் தடுத்தார். இடைவெளியில் தோலின் பழக்கம் விட்டுப்போயிருக்கும், மறுபடி வாரத்துக்கு இரண்டு நாளில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார். இப்போது செவ்வாயும் வெள்ளியும் போடுகிறான். அடுத்த மாதம் டாக்டர் பார்த்துவிட்டு நாளைக் கூட்டலாம் என்றிருக்கிறார்.